₹400 டியூப், ₹7,000 பில்: கார் போல்ட்டுக்கு எந்த ஆன்டி-சீஸ் வாங்கணும்?

என்னுடைய "கார் செலவு" ஃபைலில் இரண்டு பில்கள் அடுத்தடுத்து இருக்கு. ஒன்று 2024 ஆகஸ்ட் மாதத்தது, ₹4,720. இன்னொன்று 2025 ஜனவரி, ₹2,350. முதல் பில் ஒரு பேஸ்ட்டைத் தடவாமல் விட்டதால் வந்தது. இரண்டாவது பில் அதே பேஸ்ட்டைத் தடவியதால் வந்தது!

அந்தப் பேஸ்ட்டின் பெயர் ஆன்டி-சீஸ். போல்ட், நட், ஸ்டட் மாதிரி மரை உள்ள பாகங்கள் ஒன்றோடு ஒன்று இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவுவது. நம்ம சேனலில் வழக்கமாக டேக்ஸ், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் பற்றித்தான் பேசுவோம். "சிஏ எதுக்கு சார் போல்ட் பத்தி பேசறார்?"னு நீங்க கேட்கலாம். நம்மில் பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார்தான். இஎம்ஐ எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அலசி ஆராய்ந்து வாங்குகிறோம். அதுக்கப்புறம் அஞ்சு, பத்து வருஷம் வரப்போற ரிப்பேர் செலவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதில் ஒரு பகுதி, சின்னதாக யோசித்தால் தவிர்க்கக்கூடியது.

முதல் பில்: உடைந்த போல்ட்

நான் இருப்பது வேளச்சேரியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றது. என் கார் 2014 மாடல் ஹேட்ச்பேக். பாதி சக்கரம் வரை தண்ணீரில் இருந்தது. வடிந்ததும் ஆயில், பிரேக், வயரிங் எல்லாம் பார்த்துச் சரி பண்ணியாச்சு. அடியில் இருக்கும் சைலன்சர் போல்ட்டை யார் பார்ப்பார்?

எட்டு மாதம் கழித்து சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்தது. மாற்றலாம் என்று கழற்றப் போனால், முன்பக்கம் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோடு சேரும் இடத்தில் இரண்டு ஸ்டட்டும் அசையவே இல்லை. துரு தளர்த்தும் ஸ்ப்ரே அடித்தார்கள், சூடு காட்டினார்கள். கடைசியில் இரண்டும் முறிந்தன. உள்ளே மாட்டிய துண்டை டிரில் போட்டு எடுத்து, புது மரை வெட்டி, ஸ்டட் மாட்டி முடிக்க அரை நாள் ஆனது. சைலன்சர் விலை தனி. முறிந்த ஸ்டட்டுக்கான கூலி மட்டும் ₹4,000, அதற்கு 18% ஜிஎஸ்டி ₹720.

"இதோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க சார். மரை சரியா உக்காரலைன்னா கன்வெர்ட்டரையே மாத்தச் சொல்லியிருப்பேன்" என்றார் மெக்கானிக். கன்வெர்ட்டர் என்றால் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கும் பாகம். அந்த விலையை நான் கேட்கவே இல்லை.

போல்ட் ஏன் பிடித்துக்கொள்கிறது?

மூன்று காரணங்கள்.

முதலாவது துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு கூடும். மரைக்கு உள்ளே இடைவெளி ரொம்பக் குறைவு. அங்கே துரு உப்பினால் ஆப்பு அடித்த மாதிரிதான். கடற்கரை ஊரின் உப்புக் காற்றும் மழைத் தண்ணீரும் இதை வேகப்படுத்தும்.

இரண்டாவது, இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடம். அலுமினியத்தில் ஸ்டீல் போல்ட் இருந்து, நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால், அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். இதைக் கால்வானிக் அரிப்பு என்பார்கள். அலாய் வீல் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வராமல் அடம் பிடிப்பது இதனால்தான்.

மூன்றாவது, சூடும் அழுத்தமும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது நம்ம எவர்சில்வர், தன் மேல் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தால்தான் துருப்பிடிக்காமல் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டை ஸ்டெயின்லெஸ் நட்டில் இறுக்கும்போது உரசலில் அந்தப் படலம் கிழிந்தால், இரண்டு உலோகமும் வெல்டு ஆன மாதிரி ஒட்டிக்கொள்ளும். துரு ஒரு துளி இல்லாமலே போல்ட் மாட்டிக்கும்.

ஆன்டி-சீஸ் இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு தடுப்பு போடுகிறது. கிரீஸ் மாதிரி ஒரு அடிப்படை, அதில் காப்பர், அலுமினியம், நிக்கல், கிராஃபைட், செராமிக் போன்ற நுண்ணிய தூள். சூட்டில் கிரீஸ் எரிந்து போய்விடும். தூள் மரைக்குள்ளேயே தங்கும். நீண்ட நாள் வேலை செய்வது அந்தத் தூள்தான். சாதாரண கிரீஸை சைலன்சர் போல்ட்டில் தடவினால் பிரயோஜனம் இல்லாததற்கு இதுவே காரணம்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். துரு தளர்த்தும் ஸ்ப்ரே வேறு, ஆன்டி-சீஸ் வேறு. ஸ்ப்ரே, மாட்டிய பிறகு கழற்றுவதற்கு. ஆன்டி-சீஸ், மாட்டுவதற்கு முன்னாடியே தடவுவதற்கு. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன பிறகு ஹெல்த் பாலிசி எடுக்க முடியாது இல்லையா? அதே கதைதான்.

இரண்டாவது பில்: நான் செய்த தப்பு

முதல் பில் கொடுத்த கையோடு ₹400 சொச்சத்துக்கு ஒரு காப்பர் ஆன்டி-சீஸ் டியூப் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைச் சுற்றி வந்து கண்ணில் பட்ட மரைக்கெல்லாம் தடவினேன். வீல் ஸ்டட் பதினாறுக்கும் சேர்த்து. பிறகு எப்போதும் போல வீல் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் ஏறி மிதித்து இறுக்கினேன்.

2025 ஜனவரியில் டயர் மாற்றிப் போடப் போன இடத்தில் ஒரு ஸ்டட் கையோடு வந்தது. பக்கத்து ஸ்டட்டின் மரை இழுபட்டு, நட் பாதியில் சிக்கியது.

"ஸ்டட்டுக்கு என்ன சார் தடவுனீங்க?"

"காப்பர் ஆன்டி-சீஸ் அண்ணே. துரு பிடிக்காம இருக்கும்ல?"

"துரு பிடிக்காது. ஆனா வழுக்கும்ல? வழுக்குற மரையில பழைய பலத்தையே போட்டா எப்படி சார் தாங்கும்?"

அவர் ஒரே வரியில் சொன்னதை நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். உங்கள் சேலரி ஸ்லிப்பை எடுங்க, ஈஸியா புரியும்.

சிடிசி ₹100 என்றால் கைக்கு ₹100 வராது. பிஎஃப், டிடிஎஸ் எல்லாம் போகும். போல்ட்டும் அப்படித்தான். நீங்கள் ஸ்பேனரில் 100 பங்கு பலம் போட்டால், சுமார் 50 பங்கு நட்டின் அடிப்பகுதி உரசலில் போகும். இன்னொரு 40 பங்கு மரை உரசலில் போகும். மிச்சம் 10 பங்குதான் போல்ட்டை இழுத்து இறுக்கும் பலமாக மாறும். இந்த 10தான் "டேக்-ஹோம்". காரின் மேனுவலில் இருக்கும் டார்க் அளவு, அதாவது எவ்வளவு பலத்தில் திருக வேண்டும் என்ற எண், இந்தப் பிடித்தத்தையும் சேர்த்துத்தான் போடப்பட்டது.

ஆன்டி-சீஸ் தடவினால் பிடித்தம் குறையும். 90 என்பது 87 ஆனால் சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் டேக்-ஹோம் 10லிருந்து 13 ஆகிவிட்டது, 30% அதிகம்! சம்பளத்தில் இப்படி வந்தால் ட்ரீட் கொடுக்கலாம். போல்ட்டில் வந்தால் அது இழுபட்டு நீளும்.

எண்ணில் பார்ப்போம். இன்ஜினியர்கள் "கே" என்று ஒரு உரசல் எண் வைத்திருக்கிறார்கள். உலர்ந்த மரைக்குச் சுமார் 0.20. ஆன்டி-சீஸ் தடவினால் 0.15 அல்லது அதற்கும் கீழே. டார்க்கை, கே மற்றும் போல்ட்டின் விட்டம் இரண்டின் பெருக்கல் தொகையால் வகுத்தால் இறுக்கும் பலம் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் ஸ்டட், 100 நியூட்டன் மீட்டர் டார்க் என்று வைத்துக்கொள்வோம்.

- உலர்ந்த மரை: 100 ÷ (0.20 × 0.012) = சுமார் 41,700 நியூட்டன்
- ஆன்டி-சீஸ் தடவிய மரை: 100 ÷ (0.15 × 0.012) = சுமார் 55,600 நியூட்டன்

இது டார்க் ரெஞ்ச் வைத்துச் சரியாக இறுக்கினால். நானோ ஏறி மிதித்தேன். என் எடை 70 கிலோ, ஸ்பேனர் நீளம் 30 சென்டிமீட்டர். அதுவே சுமார் 206 நியூட்டன் மீட்டர், தேவையைப் போல இரண்டு மடங்கு. அதில் வழுக்கலும் சேர்ந்தால் 1,14,000 நியூட்டனைத் தாண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட் தாங்குகிற அளவே இல்லை அது. இத்தனை நாள் உலர்ந்த மரையின் உரசல்தான் என் ஏறி மிதிக்கும் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நானே காசு கொடுத்து எடுத்துவிட்டேன்.

அந்த ஸ்டட் கடையில் உடைந்தது. அதே மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தது அந்தச் சக்கரத்தில்தான். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகம், பின் சீட்டில் அம்மா, மனைவி, குழந்தை. ₹2,350 எனக்குப் பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

சரி, எதை வாங்குவது?

"எது பெஸ்ட்?" என்ற கேள்விக்கு ஃபண்டிலும் பதில் இல்லை, இதிலும் இல்லை. எந்த இடத்துக்கு என்பதுதான் கேள்வி. டியூப்பை எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: சேரும் இரண்டு உலோகங்கள் எவை, அந்த இடம் எவ்வளவு சூடாகும், பக்கத்தில் ரப்பரோ சென்சாரோ இருக்கா?

அலுமினியம் வகை. வெள்ளி நிறத்தில் இருக்கும். சுமார் 870 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். விலை குறைவு, பொது உபயோகத்துக்குப் போதும்.

காப்பர் வகை. செம்பு நிறம். சுமார் 980 டிகிரி. சைலன்சர், எக்ஸாஸ்ட் போல்ட் மாதிரி ஸ்டீலோடு ஸ்டீல் சேரும் சூடான இடத்துக்கு ஏற்றது. அலுமினியப் பாகத்தில், அதுவும் ஈரம், உப்பு படும் இடத்தில் தவிர்க்கவும். காப்பரும் அலுமினியமும் கால்வானிக் வரிசையில் வெகு தூரம் தள்ளி இருப்பவை. அரிப்பைத் தடுக்கத் தடவியதே அரிப்பைக் கூட்டலாம்.

நிக்கல் வகை. 1,300 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட், டர்போ பக்கத்து மரை மாதிரி இடங்களுக்கு. விலை அதிகம். சிலருக்குத் தோலில் அலர்ஜி வரும், அதனால் கையுறை கட்டாயம். சைலன்சர் பின்பக்க போல்ட்டுக்கு இவ்வளவு தாங்குசக்தி தேவையே இல்லை, காசு வேஸ்ட்.

செராமிக் வகை. பெரும்பாலும் வெள்ளை நிறம், உலோகத் தூள் கிடையாது. மின்சாரம் கடத்தாது, கால்வானிக் பிரச்சினையும் இல்லை. பிரேக் பேடின் காது உட்காரும் இடம், ஏபிஎஸ் சென்சார் பக்கம், அலாய் வீலும் ஹப்பும் ஒட்டும் வட்டம் ஆகியவற்றுக்கு இதுவே பாதுகாப்பான தேர்வு.

மாலிப்டினம் வகை. கறுப்பு. அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் காற்றில் சுமார் 400 டிகிரி தாண்டினால் சிதையத் தொடங்கும். அதனால் எக்ஸாஸ்ட்டுக்கு வேண்டாம்.

நம்மைப் போன்ற சாதாரண கார் ஓனருக்கு என் பரிந்துரை: எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு சின்ன காப்பர் டியூப், மற்ற இடத்துக்கு ஒரு சின்ன செராமிக் டியூப். ஒரு டியூப் பல வருஷம் வரும். அபார்ட்மென்டில் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு ஒரு டீ, பஜ்ஜி காசுதான்.

தடவவே கூடாத இடங்கள்

- வீல் ஸ்டட், வீல் நட். பெரும்பாலான கார் நிறுவனங்கள் கொடுக்கும் டார்க் அளவு சுத்தமான, உலர்ந்த மரைக்கானது. கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து விட்டு அப்படியே மாட்டுங்கள். பேஸ்ட் வேண்டுமென்றால் ஹப் வட்டத்தில் மட்டும், மெல்லியதாக.
- ஸ்பார்க் பிளக். பழைய பழக்கமாகப் பலர் தடவுகிறார்கள். முலாம் பூசிய பிளக்குக்குத் தடவ வேண்டாம் என்று என்ஜிகே நிறுவனமே சொல்கிறது. அந்த முலாமே கழற்ற உதவும். தடவினால் டார்க் 20% வரை மாறி பிளக்கின் மரை உடையலாம் என்பது அவர்கள் எச்சரிக்கை. முலாம் இல்லாத கறுப்பு பிளக் என்றால் மேனுவலைப் பாருங்கள்.
- பிரேக் காலிபர் பின். இங்கே ரப்பர் உறை இருக்கிறது. மினரல் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப் பின் சிக்கும். இதற்கென்று சிலிகான் பிரேக் கிரீஸ் தனியாக இருக்கு. பேடின் தேய்மானப் பக்கத்திலும் டிஸ்க்கிலும் எந்தப் பேஸ்ட்டும் படவே கூடாது.
- ஆக்ஸிஜன் சென்சார் முனை. புது சென்சாரின் மரையில் பெரும்பாலும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியே வரும். மேலும் தடவ வேண்டாம். முனையில் பட்டால் சென்சார் பாழாகும்.
- த்ரெட்லாக்கர் போட்ட போல்ட், இன்ஜின் ஹெட் போல்ட். முதலாவது கழலாமல் இருக்கவே ஒட்டப்பட்டது. இரண்டாவது மேனுவல் சொல்வதை அப்படியே பின்பற்ற வேண்டியது. நம்ம சொந்த யோசனைக்கு இங்கே இடமில்லை.

தடவும் முறை

கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் பண்ணுங்கள். துரு, மண் மேல் தடவினால் பலன் இல்லை. மரையின் பள்ளம் நிரம்பும் அளவுக்கு மெல்லிய பூச்சு போதும், வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். மேனுவலில் உலர்ந்த மரைக்கான அளவு மட்டும் இருந்தால், "நாமே 25% குறைச்சுக்கலாம்" என்று வீல், பிரேக், சஸ்பென்ஷன் போல்ட்டில் சோதனை செய்ய வேண்டாம். அங்கே உலர்ந்த மரைதான் சரி.

"நான் ஸ்பேனரே தொடமாட்டேன் சார்!"

பரவாயில்லை, நம்மில் பாதிப்பேர் அப்படித்தான். சர்வீஸுக்கு விடும்போது இந்த மூன்றை மட்டும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்:

1. சைலன்சர் போல்ட் எதையாவது கழற்றினால், மரையைச் சுத்தம் செய்து ஆன்டி-சீஸ் போட்டு மாட்டணும்.
2. வீல் நட்டைக் கையால் சில மரை ஏற்றி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சில் முடிக்கணும். ஏர் கன்னால் மட்டும் அடித்து விடக் கூடாது.
3. அலாய் வீல் என்றால் ஹப் வட்டத்தைத் தேய்த்துச் சுத்தம் பண்ணணும்.

வாரன்டி காலத்தில் இருக்கும் கார் என்றால் நீங்களே எதையும் தடவாதீர்கள், சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறீர்களா? லிஃப்டில் ஏற்றி சைலன்சர் போல்ட்டையும், ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டையாவது கழற்றி மாட்டியும் பாருங்கள். நட்டின் மூலை மழுங்கியிருந்தாலோ, மரை இழுபட்டிருந்தாலோ, விலை பேசும்போது அதைச் சொல்லலாம்.

கடைசியாக நம்ம கணக்கு

இரண்டு பில்லும் சேர்த்து ₹7,070. நாம் சம்பளக்காரர்கள். பிசினஸ் செய்பவர் மாதிரி கார் ரிப்பேரைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியாது. வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணத்தில்தான் இதைக் கொடுக்கணும். 30% ஸ்லாபில் இருப்பவருக்கு 4% செஸ் சேர்த்து வரி 31.2%. கையில் ₹7,070 மிஞ்ச அவர் சுமார் ₹10,280 சம்பாதிக்க வேண்டும். 20% ஸ்லாபில் இருந்தால் சுமார் ₹8,930.

என் டாஷ்போர்டில் இப்போது இரண்டு டியூப் இருக்கு, டிக்கியில் ஒரு டார்க் ரெஞ்ச் இருக்கு. காரின் மேனுவலை, வாங்கிப் பல வருஷம் கழித்து, முதல்முறையாக முழுசாகப் படித்தேன். வீல் நட் டார்க் அளவு அதில்தான் இருந்தது. உங்க காரின் மேனுவலும் டாஷ்போர்டு பெட்டியில் பாலிதீன் கவரோடு தூங்கிக்கொண்டிருக்கும். இந்த வாரக் கடைசியில் எடுத்து அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து, போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பஞ்சர் கடையில் நிற்கும்போது தேவைப்படும்.